ஊசி என்று சொல்ல ஏழு வாரம்

ஞாயிறு ஆராதனையில் பொது ஜெபம் செய்ய எழுந்து நின்றபோதுதான் எனக்கு அது வந்தது. கண்களை மூடி ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே சொற்கள் கலைந்தன. மனதில் ஒன்று இருக்க, வாயில் வேறு ஏதோ வந்தது. பிறகு வெறும் சத்தம்தான்.

சபையில் உருக்கமாக ஜெபிக்கிறவன் என்று பெயர் எடுத்தவன் நான். அதனால் மனம் நெகிழ்ந்து தழுதழுக்கிறேன் என்றே எல்லோரும் நினைத்தார்கள். முன்வரிசையில் சிலர் அழுதார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எஸ்தர் ஓடிவந்தாள்.

“வாய் ஒரு பக்கமா கோணுதுங்க! ஆரும் பாக்கலீங்களா? வண்டிய எடுங்க!”

உங்கள் வீட்டில் யாருக்காவது வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால், ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள். ஜெபம் முடியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. பக்கவாதம் என்றார்கள். வலது காலில் நான்காம் நாள் அசைவு தெரிந்தது. கை மெல்ல வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. அஃபேசியா (மூளையில் பேச்சைக் கையாளும் பகுதி பழுதாவதால் வரும் பேச்சிழப்பு) என்று மருத்துவர் எழுதினார்.

“அவருக்கு எல்லாமே புரியுதும்மா. சொல்லத்தான் வராது” என்று எஸ்தரிடம் சொன்னார்.

எல்லாம் புரிந்ததுதான் எனக்குப் பெரிய பாடு.

ஆறாம் நாள் போதகர் வந்தார். சிறுவயதில் நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்த ஜெபத்தை ஆரம்பித்தார். என் வாய் கூடவே ஓடியது. முதல் சொல்லிலிருந்து ஆமென் வரை ஒரு பிசிறும் இல்லை. எஸ்தர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அற்புதம் என்றார் போதகர். தண்ணீர் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

மறுநாள் பேச்சுப் பயிற்சியாளர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. எஸ்தர் நடந்ததைச் சொன்னதும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

“பாட்டு, மனப்பாடமான ஜெபம், ஒண்ணு ரெண்டு எண்றது எல்லாம் தானா ஓடுங்க சார். அதுக்கு நெனைக்க வேண்டியதில்ல. நீங்களா நெனச்சு ஒண்ணு சொல்லோணும். அதுதான் பேச்சு.”

ஆறுதலாகத்தான் சொன்னார். சபையில் நான் ஜெபித்ததெல்லாமும் அப்படித் தானாக ஓடியதுதானா என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எந்தச் சொல்லில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டுப் படங்களை நீட்டினார். தண்ணீர், சோறு, பஸ், ஒரு பெண்ணின் படம். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு இடது கையால் ஒரு கோடு கிழித்து, முனையில் சிறு துளை வரைந்தேன். ஊசி. வேலைக்குத் திரும்ப ஆசைப்படுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். காரணத்தை அன்று சொல்ல என்னால் முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

குழந்தைகளின் உடை தைக்கும் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் நான் லைன் சூப்பர்வைசர். மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து நோட்டில் ஒட்டிய பிறகே புது ஊசி தர வேண்டும். ஒரு துணுக்கு உள்ளே போனாலும் அது ஏதோ ஒரு குழந்தையின் மேல் குத்தும்.

மூலனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்த டெய்லர் தனலட்சுமி. ஒரு நாள் அவருடைய ஊசி உடைந்தது. “முனை கெடைக்கலீங்ண்ணா. இந்த பண்டல தனியா வெச்சிரலாமுங்க” என்றார். மறுநாள் சரக்கு போயாக வேண்டும். பழைய முனை ஒன்றை எடுத்து நோட்டில் ஒட்டி, புது ஊசி கொடுத்து, தைக்கச் சொன்னேன்.

பரிசோதனையில் அந்த முனை ஒரு சட்டையின் மடிப்பில் அகப்பட்டது. விசாரணையில், அந்தப் பெண்தான் பழைய முனையை ஒட்டி மறைத்துவிட்டார் என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அன்றே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த ஞாயிறு, வேலை இழந்தவர்களுக்காகச் சபையில் ஜெபித்தேன். அவர் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

எட்டு மாதம் கழித்துத்தான் எனக்குப் பேச்சு போனது. இதைத் தண்டனை என்று நான் நம்பவில்லை. ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடாதவன் நான். ஆனால் படுத்துக் கிடந்தவனுக்கு யோசிக்க நேரம் இருந்தது.

‘ஊசி’ என்று தெளிவாகச் சொல்ல ஏழு வாரம் ஆனது. ‘நான்’ என்ற சொல்லுக்கு இன்னும் மூன்று வாரம். பிறகு ‘மூலனூர்’ என்றேன், போனில் இருந்த தனலட்சுமியின் நம்பரைக் காட்டினேன். ஏன் என்று தெரியாமலே எஸ்தர் கைப்பிடித்துப் பஸ் ஏற்றினாள்.

தனலட்சுமி முருங்கைக்காய் மண்டியில் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என் கோணிய வாயையும் கைத்தடியையும் பார்த்து எழுந்துவிட்டார்.

“என்னாச்சுங்ண்ணா?”

“ஊசி” என்றேன். அடுத்த சொல் வரவில்லை. எஸ்தர் எடுத்துக்கொடுக்க வாய் திறந்தாள்.

“நீங்க சொல்லாதீங்கக்கா” என்றார் தனலட்சுமி. “அவரே சொல்லட்டும். நா நிக்கறேன்.”

நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

“நான்... ஒட்டினேன். நீ... இல்ல. பொய்.”

அவர் கீழே பார்த்தார். “இதைய அன்னைக்குச் சொல்லியிருக்கோணுமுங்க. வேற கம்பெனிக்குப் போனாலும், ஊசிய மறச்சவதானேன்னு திருப்பி அனுப்பிச்சாங்க. என்ற முன்னால சொல்லி என்னுங்க ஆகுது? அங்க போய்ச் சொல்லுங்க.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் எஸ்தர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பல்லடம் தாண்டியதும் கேட்டாள்: “அந்தப் புள்ளைக்காக ஜெபம் பண்ணுனீங்களே, தெரிஞ்சேதான் பண்ணுனீங்களா?”

“ஆமா.”

நோய் வந்த பிறகு, பயிற்சி செய்யாமல் நானாக நினைத்து, ஒரு திக்கலும் இல்லாமல் சொன்ன முதல் சொல் அதுதான். அன்றிரவு அவள் மாத்திரை கொடுத்தாள், காலைத் தேய்த்துவிட்டாள். வேறு எதுவும் பேசவில்லை. அப்படியே ஒன்பது நாள் போனது.

பத்தாம் நாள் அவளே என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப் போனாள். அதே சொற்களை, ‘நீ’ இருந்த இடத்தில் தனலட்சுமியின் பெயரை வைத்து, மேனேஜரிடம் சொன்னேன். எனக்கு ஸ்டோரில் இலகுவான வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது. தனலட்சுமி மேல் தவறில்லை என்று கடிதம் கொடுக்க மேனேஜர் இரண்டு முறை இழுத்தடித்தார். மூன்றாம் முறை கொடுத்தார். எஸ்தர் அதைத் தனலட்சுமிக்கு அனுப்பினாள். அதைக் காட்டி அந்தப் பெண் குண்டடத்தில் ஒரு தையல் யூனிட்டில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எங்களைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

இதை இடது கையால், போனில், நாலு மாதமாக எழுதுகிறேன். விட்டுப்போன சொற்களைத் தேட எஸ்தர் உதவினாள்.

வலது கை இன்னும் முழுதாக என்னுடையது ஆகவில்லை. டம்ளரைப் பிடித்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. மணிக்கு எத்தனை பீஸ் என்று நேரத்தைக் கணக்குப் பார்த்தவன் நான். இப்போது ஒரு சொல் வெளியே வர எவ்வளவு ஆகிறதோ அதுதான் நேரம். வருவதற்குள் அது உண்மையா என்று எனக்கே தெரிந்துவிடுகிறது.

சபையில் பொது ஜெபம் செய்வதில்லை. காலையில் எஸ்தரும் நானும் மட்டும் உட்காருகிறோம். முன்பு ஐந்து நிமிடத்தில் ஊருக்கும் நாட்டுக்கும் சேர்த்து ஜெபித்து முடிப்பேன். இப்போது அதே நேரத்தில் மூன்று பேரின் பெயர்தான் சொல்ல முடிகிறது. தனலட்சுமி என்பது என் வாய்க்குக் கடினமான பெயர். பாதியில் உடைந்துவிடும். எஸ்தர் எடுத்துக்கொடுப்பதில்லை, காத்திருப்பாள். நான் மறுபடியும் முதல் எழுத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.