சாய்சதுரத்துக்குள் ஒரு பஸ்

பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று வாங்குவதற்காக, அங்கே நடக்கும் வேலையையெல்லாம் படமாக வரைந்து கொடுக்க என்னை அமர்த்தியிருந்தார்கள். ஒரு வேலைக்கு ஒரு கட்டம், அடுத்த வேலைக்கு ஓர் அம்பு, முடிவெடுக்கும் இடத்தில் சாய்சதுரம். வாரக்கணக்கில் வெளிநோயாளிகள் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மின்விசிறிகளின் ஓசையில் மனிதர்கள் மிதந்து போவதுபோல இருக்கும். பதிவு, ரத்த அழுத்தம், டாக்டர், மருந்து என்று ஆளுக்குப் பின்னால் அம்பு தானாக நீளும். வீடு திரும்பும் பஸ்ஸில் கண்ணை மூடினால் மக்காச்சோளக் காட்டுக்கு மேலேயும் கட்டங்கள் மிதந்தன. அந்த மயக்கம் எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

ஒன்று மட்டும் உதைத்தது. டோக்கன் எண்படி யாரும் உள்ளே போகவில்லை. முப்பத்திரண்டு போன பிறகு பதினெட்டு போகும். டாக்டர் அறை வாசலில் சீட்டு வாங்கி அடுக்கும் அக்காவைக் கவனித்தேன். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான்.

"எந்த ஊருங்க? எத்தன மணி பஸ்ஸு?"

ரயில் இல்லாத ஊர். செந்துறைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஒன்றரை மணி பஸ்ஸை விட்டால் சாயங்காலம்தான். அப்படிப்பட்டவர்களின் சீட்டை அக்கா மேலே வைப்பார். உள்ளூர்க்காரர்கள் முணுமுணுப்பதில்லை. அவர்களுக்கும் தெரியும்.

கண்டுபிடித்துவிட்ட பூரிப்பில் அவரிடமே போய்ச் சொன்னேன்.

"அத எழுதாதீங்க மேடம்," என்றார். "எழுதுனா கேள்வி வரும். சும்மா நடந்துட்டுப் போவட்டும்."

நான் கேட்டேனா? நடப்பதை நடப்பதுபோல வரைவதுதானே என் தொழில் என்ற கர்வம். ‘பஸ் எப்போது?’ என்று ஒரு சாய்சதுரம் போட்டேன். வரைந்ததிலேயே அதுதான் எனக்கு அழகாகப் பட்டது.

நிர்வாக அதிகாரி படத்தை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, அங்கே நிறுத்தி, சிவப்பு மையால் அடித்தார். "டோக்கன் வரிசை மாறக் கூடாதுங்க." என் வாதம் எடுபடவில்லை. அடுத்த வாரமே டாக்டர் அறைக்கு மேலே எண் பலகை வந்துவிட்டது. அதன்பிறகு அக்கா வாசலில் பெயரை மட்டும் சரிபார்த்தார்.

மருந்துக்கடைப் பகுதியின் படத்தை முடிக்க மறுபடி போயிருந்தேன். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. பலகையில் எண்கள் மெதுவாக மாற, வழக்கம்போல எனக்குக் கண் சொக்கியது. காலில் கட்டுப்போட்ட பெரியவர் ஒருவர் அக்காவிடம் வந்தார்.

"செந்துறைப் பக்கம் போவணும்மா. ஒன்னர பஸ்ஸப் புடிச்சிருவனா?"

அக்கா கோபப்படவில்லை. என் பக்கம் கையைக் காட்டினார்.

"வரிசைய எழுதுனவங்க அங்க இருக்காங்கய்யா. அவங்களக் கேளுங்க."

பெரியவர் காலை ஊன்றி ஊன்றி என்னை நோக்கி நடந்து வந்தார். அவர் கையில் அறுபத்துநான்காம் எண். பலகையில் நாற்பத்தொன்று. எழுந்து நின்றேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.