செல்ஃப் எடுக்காத காலை

சாவியைத் திருப்பினால் முதலில் "கீ...ங்" என்று ஒரு இழுவை, அப்புறம் ஒரு திணறல், அப்புறம் வெறும் "டிக், டிக்". அடுப்பு பற்றவைக்கிற லைட்டரில் அந்தச் சத்தம் கேட்டால்கூட இன்றைக்கும் எனக்கு எங்கள் பழைய கார்தான் நினைவுக்கு வருகிறது.

வளைகுடாவில் குளிரா என்று ஊரில் சிரிப்பார்கள். சிரித்துக்கொள்ளட்டும். சார்ஜாவின் முவைலாவில் ஜனவரி விடியலில் கார்க் கண்ணாடியெல்லாம் தண்ணீர் வழியும், வாயைத் திறந்தால் புகை வரும், வெறுங்காலை மணலில் வைத்தால் குளிர் எலும்பு வரை ஏறும். ஆறு மாத வெயில் பேட்டரியை உள்ளுக்குள்ளேயே வேகவைத்துவிட்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, முதல் குளிர் வந்த காலையில்தான் அது கையை விரிக்கும். அதனால் எங்கள் கட்டடத்துக்கு எதிரே இருந்த மணல் திடலில் குளிர்காலக் காலை என்றால் ஐந்தாறு கார்களாவது பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கும், குல்லாய் போட்ட ஆண்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள், தண்ணீர் லாரி ஓட்டும் கான் பாய் என்ற பாகிஸ்தான்காரர் சிவப்பும் கறுப்புமான பேட்டரி கேபிளைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வண்டி வண்டியாகப் போய் "ஜம்ப்" கொடுப்பார். "யல்லா, செல்ஃப் மாரோ!" என்று அவர் கத்தினால் செத்த வண்டியும் எழுந்துவிடும். பால் விடாத சுலைமானி டீ ஒரு கிளாஸுக்கு மேல் யாரிடமும் எதுவும் வாங்க மாட்டார்.

அப்பா துபாய் ஜெபல் அலியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எங்கள் வெள்ளைக் கார் என்னைவிட வயதில் மூத்தது, நாலு கை மாறி வந்தது, அதிலும் ஆட்டோமேட்டிக். எதிரே தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் இருந்த செல்வம் சித்தப்பாவும் அதே கம்பெனிதான், தினமும் அந்தக் காரில்தான் டூட்டிக்குப் போவார். சித்தப்பா என்றால் சொந்தமில்லை, பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், அவ்வளவுதான். ஆனால் எனக்கு வாட்ச் கட்டப் பழக்கியது அவர்தான்.

ஒரே ஃபிளாட்டில் மூன்று குடும்பங்கள், எங்களுக்கு ஒரு ரூம். ஹாலில் எப்போதும் டிவி, இல்லையென்றால் சண்டை. பரீட்சை நெருங்கினால் எனக்குப் படிக்க இடம் கிடையாது என்பதால் அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். "ஒனக்குன்னு தனி ரூமு பாப்பா, வீல் வச்ச ரூமு" என்று கேலி செய்து காரின் பின் சீட்டில் உட்காரவைத்தார். சாயங்காலம் மேற்கூரை விளக்கைப் போட்டுக்கொண்டு நான் படிப்பேன், முதல் மாடி ஜன்னலிலிருந்து அம்மா பார்த்துக்கொள்வாள். எனக்கு இருந்தது ஒரே ஒரு பொறுப்பு. "வரும்போது லைட்ட அமத்திட்டு வா பாப்பா, நம்ம வண்டிக்கு உசுரு கொஞ்சம்தான்" என்று அப்பா தினமும் சொல்வார்.

இரண்டாயிரத்து எட்டு முடிந்து ஒன்பது பிறந்த குளிர்காலம் அது. கம்பெனிகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. அப்பாவின் கம்பெனியில் மூன்று முறை லேட்டானால் பெயர் லிஸ்ட்டில் ஏறும் என்று சொல்லிவிட்டார்கள். மூடுபனியில் ரோடு அடைத்துக்கொண்டதால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது. "இன்னும் ஒண்ணு வுழுந்தா கலாஸ்" என்று அம்மா சோறு போடும்போதெல்லாம் சொன்னாள். கலாஸ் என்றால் வேலை போகும், விசா போகும், நாங்கள் மூன்று பேரும் ஊருக்குப் போவோம். பத்து வயதில் எனக்கு அது நன்றாகவே தெரியும்.

தெரிந்திருந்தும் ஒரு சாயங்காலம் விளக்கை அணைக்காமல் மேலே ஓடினேன். என்ன அவசரம் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜன்னலிலிருந்து அம்மா கூப்பிட்டாள், மீன் குழம்பு வாசனை வந்தது, ஓடிவிட்டேன்.

மறுநாள் விடியும்போது எதிர்க் கட்டடமே தெரியாத பனி. அப்பா மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே இறங்கினேன். அவர் கார்க் கதவைத் திறந்து உள்ளே ஒரு நிமிடம் பார்த்தார், கையை மேலே உயர்த்தி இறக்கினார், பிறகு உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். "டிக்." மறுபடி திருப்பினார். "டிக்."

கான் பாய் அந்த வாரம்தான் லீவில் ஊருக்குப் போயிருந்தார். டூட்டிக்குக் கிளம்பி அப்போதுதான் வந்த செல்வம் சித்தப்பா கேம்ப்புக்குத் திரும்ப ஓடி நாலு பேரைக் கூட்டிவந்தார். ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளினால் ஸ்டார்ட் ஆகாது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். "வேணாம்யா, தள்ளிப் பிரயோஜனமில்ல" என்று அப்பாவும் சொன்னார். இருந்தும் தள்ளினார்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாமல், "தக்கா! தக்கா!" என்று கத்திக்கொண்டு, மணலில் சக்கரம் புதையப் புதையத் திடலின் கோடி வரை தள்ளினார்கள். நானும் போய்ப் பின்கண்ணாடியில் கை வைத்தேன். உள்ளே சீட்டில் என் பென்சில் கிடந்தது. அப்போதுதான் எனக்கு விளக்கு நினைவு வந்தது. தலையைக் குனிந்துகொண்டு இன்னும் பலமாகத் தள்ளினேன்.

அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓடிவந்து, "என்னங்க ஆச்சு?" என்றாள்.

"குளிரு. பேட்டரி போச்சு" என்றார் அப்பா.

டாக்சி பிடித்து அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணி தாண்டிவிட்டது. அடுத்த வாரம் ஒட்டிய லிஸ்ட்டில் இரண்டு பேர் பெயரும் இருந்தது. நிறையப் பெயர்கள் இருந்தன, எப்படியும் வந்திருக்கும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். நான் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. சித்தப்பாவின் தங்கைக்கு நிச்சயம் செய்திருந்த கல்யாணம் நின்றுபோனது. எந்தப் பரீட்சைக்காக அந்த விளக்கைப் போட்டேனோ அதை எழுதாமலே நான் ஊருக்கு விமானம் ஏறினேன். காரை வாங்க ஆளில்லை, திடலிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

ஆறு மாதம் கழித்து அப்பா தனியாகக் கத்தாருக்குப் போய் ராஸ் லஃபானில் வேலைக்குச் சேர்ந்தார். பத்து வருடம் கேம்ப் வாழ்க்கை. இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் விருந்தாளி மாதிரி வந்து போனார். நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் வாழ்ந்தது அந்த முவைலா ரூமோடும் ஊரில் கழிந்த அந்த ஆறு மாதத்தோடும் முடிந்தது.

அவர் உடம்பு முடியாமல் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. "அப்பா, அன்னிக்கு கார் லைட்ட நான்தான்பா அமத்தல" என்றேன். கண்ணைத் திறக்காமலே, "அன்னிக்குக் குளிரு பாப்பா. என்னா குளிரு" என்றார். பாவி, நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அவருக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் கூரையை நோக்கி உயர்ந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. அம்மாவும் சித்தப்பாவும் வந்து பார்ப்பதற்குள் அவர் அந்த ஸ்விட்சை அணைத்திருக்கிறார். அணைத்துவிட்டு, ஆயுசு முழுக்கக் குளிரைச் சொல்லியிருக்கிறார். திரும்பி ஓடினேன். அவருக்கு நினைவு தப்பியிருந்தது. அதற்குப் பிறகு அது திரும்பவேயில்லை.

இப்போது நானும் சார்ஜாவில்தான் வேலை பார்க்கிறேன். அந்தத் திடல் இருந்த இடத்தில் வரிசையாகக் கட்டடங்கள், கேபிளைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வர யாருமில்லை, தள்ளவும் யாருமில்லை. என் காருக்குச் சாவியே கிடையாது, பட்டனை அமுக்கினால் சத்தமில்லாமல் கிளம்புகிறது. கதவை மூடிய கொஞ்ச நேரத்தில் கூரை விளக்கு தானாகவே அணைந்துவிடும். அது அணைகிற வரை நான் தினமும் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.