டேனிஷ் கோட்டையில் ஒரு வேன் நிறைய பேண்டேஜ்காரிகள்

போன வருடக் கோடை விடுமுறையில் நடந்தது இது. இராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணி செய்யும் யூனிட்டிலிருந்து பெண்களாகச் சேர்ந்து வேன் பிடித்துத் திருக்கடையூர் போனோம். சாமி கும்பிட்டு முடித்ததும் டிரைவர், பக்கத்தில்தான் தரங்கம்பாடி, கடலை ஒட்டிக் கோட்டை இருக்கிறது என்று ஆசையைக் கிளப்பிவிட்டார். கடல் என்றதும் வேனுக்குள் ஒரே கூச்சல்!

டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, இப்போது மியூசியம். அம்மாடி, என்ன காற்று, என்ன அலை! மிளகும் துணியும் இங்கிருந்துதான் கப்பலேறியதாம். அதைக் கேட்டதும் என் மதினிக்குத் தலைகால் புரியவில்லை. என் அண்ணன் மனைவி அவர். எனக்குப் பக்கத்து மேசையில்தான் வேலை.

"ஏட்டி, அந்தக் காலத்துலயே நம்ம துணிக்கு எம்புட்டுத் தூரம் வந்திருக்கான் பாரு!" என்று சொல்லிக்கொண்டே, பீரங்கியைப் பார்க்க மாடிப்படியில் ஓடினார். கால் வழுக்கியது. படியின் உடைந்த விளிம்பு கணுக்காலைக் கிழித்துவிட, ரத்தம் கொட்டியது.

நான் பின்னாலேயே ஓடினேன். மதினிக்குச் சர்க்கரை உண்டு. முன்பு ஒரு சின்னப் புண் ஆறாமல், அதே காலில் ஒரு விரலை எடுத்திருந்தார்கள்.

"பேண்டேஜ் எடுங்கட்டி!" என்று கத்தினேன். எல்லோரும் பைகளைத் துழாவினோம். வேனில் புளியோதரை இருந்தது, முறுக்கு இருந்தது, தைலம்கூட இருந்தது. பொழுதன்னைக்கும் பேண்டேஜ் சுருட்டுகிற எங்களில் ஒருத்தியும் ஒரு துண்டு கொண்டுவரவில்லை!

அதற்குள் டிக்கெட் கொடுத்த அம்மா முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தார். வெட்கக்கேடு, எங்களில் யாருக்கும் காயத்தில் கட்டவும் தெரியவில்லை. அவரே தரையில் உட்கார்ந்து, மதினியின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, அழுத்திப் பிடித்துச் சுற்றினார். அவர் சேலையெல்லாம் ரத்தம். முகம் சுளிக்கவே இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மதினி, கீழே கிடந்த பேண்டேஜ் உறையை எடுத்துப் பார்த்தார்.

"ஏட்டி, இது நம்ம ஊருச் சரக்குல்லா!"

பிடுங்கிப் பார்த்தேன். இராஜபாளையம் என்று அச்சடித்திருந்தது! அழுதுகொண்டிருந்த நாங்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டோம்.

"அப்ப நல்லா ஆறிடுங்க, பயப்படாதீங்க" என்று அந்த அம்மாவும் சிரித்தார். எங்கள் டிரைவர் சாப்பிடப் போயிருந்ததால், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். தையல் போட்டார்கள். காயம் மெல்ல ஆறியது. மிச்ச விரல்களுக்கு ஒரு குறையும் வரவில்லை.

முன்பெல்லாம் பேண்டேஜ் என்றால் பெட்டி பெட்டியாக லாரியில் ஏறுகிற சரக்கு, அவ்வளவுதான் எனக்கு. இப்போது ஒரு சுருள் கொஞ்சம் தளர்ந்து வந்தாலும் பிரித்து மறுபடி சுருட்டுகிறேன். அது எந்தக் கடலோரத்தில், முன்பின் தெரியாத யார் மடியில் இருக்கும் காலுக்குப் போகிறதோ, யார் கண்டது!