ராகிப் புல்லில் ஒரு பள்ளம்

எங்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவில் மூச்சு விடுகிற பொம்மை ஒன்று இருந்தது. சாம்பல் நிறம், வெள்ளை வயிறு, வலது காதில் ஒரு கிழிசல். எங்கள் பூனைதான்.

அவன் வந்ததே ஒரு நவராத்திரிக்கு முந்தைய வாரம். அப்போது ரயில்வேயில் இருந்த அப்பா, மைசூர் ஸ்டேஷனில் கத்திக்கொண்டு கிடந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டு எடுத்து வந்தார்.

"ரெண்டு நாள்தான்" என்றார்.

"ரெண்டு நாள்தான்" என்றாள் அம்மா, வேறு குரலில்.

அந்த ரெண்டு நாள் என் பள்ளிக்கூடம், கல்லூரி, இப்போது ஊர் ஓரத்து ஹெப்பாளில் கம்பெனி வேலை எல்லாவற்றையும் தாண்டி ஓடியது.

கொலுப் படிகளுக்குக் கீழே அம்மா ஒரு பூங்கா போடுவாள். தாம்பாளத்தில் மண் நிரப்பி ராகி தெளித்தால், பொம்மைகள் ஏறுவதற்குள் பச்சைப் பசேலென்று புல் எழுந்துவிடும். அதைச் சுற்றி அப்பா பொம்மை ரயில் விடுவார். முதல் வருஷம் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால், புல்லின் நடுவே குட்டி சுருண்டு தூங்குகிறது. அம்மா அதட்டினாள். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அன்றிலிருந்து அது அவன் இடம். ஒவ்வொரு வருஷமும் ராகி முளைக்கும், அவன் படுப்பான், புல்லில் அவன் அளவுக்கு ஒரு பள்ளம் விழும். வாலை நீட்டினால் சரியாகத் தண்டவாளத்தில் கிடக்கும். ரயில் வந்து மோதிக் கவிழும். "லைன் கிளியர் இல்ல!" என்று அப்பா சத்தம் போடுவார். வாலை மட்டும் யாரும் நகர்த்த மாட்டோம்.

எதிர்வீட்டு அக்கா கொள்ளேகாலிலிருந்து கல்யாணமாகி வந்த வருஷம், தாம்பூலம் வாங்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஏனுங்க்கா, இந்தப் பூன பொம்மைய எந்தக் கடைல வாங்குனீங்க? முடியெல்லாம் நெசமாட்டமே இருக்குதுங்க!" என்று கையில் எடுக்கப் போனார். பொம்மை வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது. அக்கா போட்ட கூச்சலில் சுண்டல் கிண்ணம் ஒரு பக்கம், வெற்றிலை ஒரு பக்கம். மறுநாள் தெருவே வந்தது. உள்ளே நுழையும்போதே "பெக்கு எல்லி?" என்றுதான் கேட்பார்கள். பூனை எங்கே? சாமியெல்லாம் அப்புறம்தான்.

விஜயதசமி சாயங்காலம் ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையையாவது படுக்க வைக்க வேண்டும். கொலு முடிந்தது என்பதற்கு அடையாளம். எங்கள் வீட்டில் அந்த வழக்கமே நின்றுபோனது. "அதான் ஒருத்தன் மொத நாள்லேர்ந்து படுத்திருக்கானே, போதும்" என்பாள் அம்மா.

இந்த ஜூலை மழையில் அவன் போய்விட்டான். வயசு, சிறுநீரகம், டாக்டர் சொன்ன எல்லாமும். கடைசியில் அம்மாவின் மடியில்தான் இருந்தான். அம்மா அழுததை நான் பார்க்கவில்லை. ஆனால் நவராத்திரி நெருங்கியும் ராகி ஊறப்போடவில்லை.

"இந்த வருஷம் மரப்பாச்சி ஜோடிய மட்டும் வெச்சு முடிச்சுக்கலாம்" என்றாள். "யாரையும் கூப்பிட வேண்டாம்."

"ஏம்மா?"

"வர்றவங்கெல்லாம் அவன் எங்கேம்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் செத்துப்போயிட்டான், செத்துப்போயிட்டான்னு சொல்லிட்டே சுண்டல் குடுக்கணுமா? என்னால ஆகாதுடி."

"யாரும் கேக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

எனக்கு எதையும் உடனே சரிசெய்துவிட வேண்டும். மறுநாள் கம்பெனி பஸ் ஹெப்பாள் போய்ச் சேருவதற்குள் தெருவின் வாட்ஸப் குழுவில் செய்தி போட்டுவிட்டேன்: எங்கள் பூனை இறந்துவிட்டது, கொலுவுக்கு அவசியம் வாருங்கள், அம்மாவிடம் மட்டும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். இதயங்களும் கூப்பிய கைகளும் வந்து குவிந்தன. அந்தக் குழுவில் அம்மா இல்லை. என்ன சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அரை மனசோடு அம்மா ராகி தெளித்தாள்.

முதல் நாள் எல்லோரும் வந்தார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்காததோடு விட்டார்களா? பூங்கா இருக்கும் திசையையே பார்க்கவில்லை. நிமிர்ந்து படிகளையே பார்த்து, "செட்டியார் பொம்மை ரொம்ப லட்சணம்" என்றார்கள். போன வருஷமும் அதே செட்டியார்தான். தண்டவாளத்தில் ரயில் ஒரு தடங்கலும் இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. அம்மாவின் முகம் இறுகிக்கொண்டே போனது. எதிர்வீட்டு அக்காவும் செட்டியாரைப் புகழ ஆரம்பித்ததும், சுண்டல் கரண்டியை டங்கென்று வைத்தாள்.

"இத்தன வருஷம் அவனப் பாக்கத்தானே வந்தீங்க? இன்னிக்கு ஒருத்தராவது எங்கன்னு கேட்டீங்களா? அவ்ளோதானா அவன்?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "ஐயோ, எனக்கென்னங்க்கா தெரியும்? உங்க பொண்ணுதானுங்க பேசக்கூடாதுன்னு மெசேஜு போட்டுச்சு!"

"இவளா?"

"நீதானேம்மா…" என்று ஆரம்பித்தேன்.

"நான் சொன்னா? நீ ஊர் வாயக் கட்டிடுவியா?"

அப்பா ரயிலை நிறுத்தினார். அக்காதான் மெல்லக் குனிந்து, வளைவே இல்லாமல் நேராக நின்றிருந்த ராகியைத் தடவினார். "எங்கீங்க்கா நம்ம கொட்டாவிக்காரன்?"

அம்மா சொன்னாள். மழை நாள், மடி, கடைசியாக நக்கிய தயிர் எல்லாம் சொன்னாள். அழுதாள். அக்கா கொட்டாவிக் கதையை எடுத்தார், கூச்சலோடு. பக்கத்து வீட்டு மாமிக்கு அவன் காணிக்கையாகக் கொண்டுபோய் வைத்த பல்லி ஞாபகம் வந்தது. அழுகை சிரிப்பாகி, திரும்ப அழுகையாகி, சுண்டல் ஆறிப்போய் நான் மறுபடி சூடு பண்ணினேன். அடுத்தடுத்த நாட்களில் வந்தவர்கள் வாசலிலேயே கேட்டார்கள். அம்மா ஒவ்வொருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். நாளுக்கு நாள் பல்லி பெரிதாகிக்கொண்டே போனது.

விஜயதசமி சாயங்காலம் ஆரத்தி முடிந்தது. முதல் நாளிலிருந்து படுத்திருக்க இந்த வருஷம் யாரும் இல்லை. அம்மா படிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செட்டியாரைத் தூக்கி வந்தாள். உள்ளங்கையால் ராகியின் நடுவே அழுத்திப் பள்ளம் பண்ணினாள். பழகிய அளவு. ஆனால் அவரை அதில் கிடத்தவில்லை. பக்கத்தில், ஓரமாகக் கிடத்தினாள்.

"கொஞ்சம் தள்ளியே படுங்க செட்டியாரே" என்றாள். "அது அவன் இடம்."