குழந்தையின் கையில் குருவி

மஞ்சக்குட்டை டீக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். சுவரில் பழைய காலண்டர் படம்: தாயின் மடியில் குழந்தை, அதன் கையில் முகம் சிவந்த ஒரு குருவி. கடைக்கார அம்மாள் படத்துக்குக் குங்குமம் வைத்திருக்கிறாள்.

நான் ஓவியம் கற்பிக்கிறவன், வாய் சும்மா இருப்பதில்லை. "அந்தக் காலத்து இத்தாலிக்காரங்க இந்தக் குருவிய வரைஞ்சா, குழந்தை சாகப்போகுதுன்னு அர்த்தம்மா," என்கிறேன்.

டீ ஆற்றும் கை நின்றுவிடுகிறது.

"பாப்பா பொறந்தப்ப எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் குடுத்த படமுங்க. இங்கதான் தொட்டில் கட்டியிருந்தமுங்க. குருவிய பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும்னு நாந்தான் மாட்டுனனுங்க. மூணு மாசந்தான் பாத்துச்சுங்க."

அதே ஆணியில் இரண்டு சின்னக் கருவளையல்கள் தொங்குவதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

"ஏனுங்க, அப்ப நான் மாட்டுனதாலதானுங்களா?"

பஸ் வந்துவிடுகிறது. பையை எடுத்துக்கொண்டு ஏறிவிடுகிறேன்.