இன்னுமொரு மலை ஏறுவம், மச்சான்

மலை ஏறுவதென்றால் என் அறைத்தோழனுக்கு வேப்பங்காய். நாங்கள் அகதியாக வந்து சேர்ந்த பனி நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் எங்கள் வீடு மூன்றாம் மாடி; அந்தப் படிக்கே நடுவில் நின்று மூச்சு வாங்குவான். அப்படிப்பட்டவன் அன்றைக்கு ஒவ்வொரு உச்சியிலும் நின்று, "இன்னுமொரு மலை ஏறுவம், மச்சான்" என்றான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்னடா, பேய் கீய் பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டேன். பேய் பிடித்திருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இரண்டு பேருக்கும் அகதி வழக்கு முடியவில்லை. ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். அங்கே சமையல் செய்த பிரெஞ்சுக்காரனுக்கு எங்கள் வயதுதான். பனி என்றால் அவனுக்குப் பைத்தியம். தன் சகோதரர்களின் பழைய சறுக்குப் பலகைகளைக் கொண்டுவந்து எங்கள் காலில் மாட்டி, விழுத்தி விழுத்தியே பழக்கிவிட்டான். பலகையின் அடியில் ஒரு பட்டி ஒட்டுவோம், அதற்குத் தோல் என்று பெயர். முன்னுக்குத் தள்ளினால் வழுக்கும், பின்னுக்கு வழுக்காது. அதோடு மலை ஏறி, உச்சியில் உரித்து, பசை குளிரில் கெடாமல் சட்டைக்குள் சொருகிக்கொண்டு, மறுபக்கம் சறுக்கி இறங்க வேண்டும். அன்றைக்கு நகரத்துக்கு வடக்கே இரண்டு மலை என்றுதான் பேச்சு.

விடியப்புறம் நான் குளித்துக்கொண்டிருக்க, கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. அறைத்தோழன் எடுத்தான். என் அக்கா. அப்பாவை யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம், நல்லாக் கடுமை, தம்பியை உடனே எடுக்கச் சொல்லுங்கோ என்று ஓர் இலக்கம் கொடுத்தாள். அதோடு லைன் அறுந்துவிட்டது.

எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்று உண்டு. செத்துப்போனார் என்று தொலைபேசியில் யாரும் நேரே சொல்வதில்லை. முதலில் கடும் வருத்தம், ஆஸ்பத்திரியில் என்பார்கள்; கேட்கிறவன் மனதைத் தேற்றிக்கொள்ள நேரம் கொடுத்துப் பிறகுதான் மிச்சம். எங்கள் கட்டடத்துக்கு வந்த அப்படியான செய்தி ஒவ்வொன்றும் சாவாகத்தான் முடிந்தது. அதனால் என் அப்பா போய்விட்டார் என்றே அவன் முடிவுகட்டினான். என்னால் போகவும் ஏலாது, கையில் பாஸ்போர்ட் இல்லை. பிறகென்ன அவசரம்? வெறும் வயிற்றோடு இருப்பவனுக்குச் சாவு சொல்லக் கூடாது என்று வேறு ஒரு வழக்கம். சாப்பிடட்டும், சொல்லுவம் என்று வைத்துக்கொண்டான்.

அப்பா அப்போது உயிரோடுதான் இருந்தார். யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கம் தொலைபேசி என்பதே இல்லாத காலம் அது. நாட்டை விட்டு வந்தபிறகு ஒரு தடவைகூட நான் அவருடைய குரலைக் கேட்டதில்லை. அவர் கொழும்புக்கு வந்தால் கதைக்கலாம் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.

வழியில் நான் கோப்பி வாங்க இறங்கிய நேரத்தில் பிரெஞ்சுக்காரனிடம் இவன் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். இப்பவே சொல், காரைத் திருப்புகிறேன் என்று அவன் சத்தம் போட்டிருக்கிறான். எங்களுக்குள்ளே அப்படி இல்லை என்று இவன் அடக்கிவிட்டான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு இரண்டு பேரின் முகத்தையும் பார்த்து, "ஆர் வீட்டுச் செத்தவீட்டுக்குப் போறியள்?" என்று பகிடி வேறு விட்டேன். என் வாயில் புழு வைக்க.

முதல் உச்சியில் வெயில் அடித்தது. அறைத்தோழன் பையிலிருந்து ஆட்டிறைச்சி ரோல்ஸை எடுத்து என் மடியில் வைத்தான். "வடிவாச் சாப்பிடு. எல்லாம் உனக்குத்தான்" என்றான். தான் ஒன்றும் தொடவில்லை. நாளை முதல் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வரைக்கும் எனக்கு மரக்கறிதான், இறைச்சி இல்லை என்று அவன் கணக்கு. நான் முழுவதையும் தின்றுவிட்டு ஏப்பம் விட்டேன். அவன் வாயைத் திறந்தான், என்னைப் பார்த்தான், அடுத்த மலையைக் கை காட்டினான்.

இரண்டாவதில் இறங்கும்போது நான் தலைகீழாகப் பனிக்குள் புதைந்து, வயிறு நோகச் சிரித்தேன். அப்படிச் சிரிக்கிறவனுக்கு எவன் சொல்லுவான்?

மூன்றாவதுதான் உயரம். காற்று ஆளைத் தள்ளியது. உறைந்த ஏரிகள் கீழே வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. "அப்பா கண்டாரெண்டா, உதென்ன விசர் வேலையெடா எண்டு பேசுவார்" என்றேன். "அவர் கொழும்புக்கு வரட்டும், போனில முதல் கதை இதுதான்." அறைத்தோழன் குனிந்து, உரித்த தோலைத் திரும்பத் திரும்ப மடித்தான். பிரெஞ்சுக்காரன் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் குளிருகிறது போல என்று நினைத்தேன்.

நாலாவதிலும் அவனுக்கு வாய் வரவில்லை. வெளிச்சம் போய்விட்டது, ஏற இனி மலையில்லை.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டுத் தந்து, நான் குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டுச் சொன்னான். "மச்சான், அப்பா போயிட்டார்."

அக்கா தந்த இலக்கத்தைச் சுழற்றினேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது.

"இப்பதானோ எடுக்கிறாய்?" என்றாள், இன்னும் ஆஸ்பத்திரியிலேயே இருந்த அக்கா.

"எப்ப, அக்கா?"

"ராத்திரி பன்னிரண்டு மணிபோல."

அங்கே நடுச்சாமம் என்றால் இங்கே மதியம் திரும்பிய நேரம். மூன்றாவது மலை. நான் திரும்பி, "காலமை உயிரோட இருந்திருக்கிறார்டா!" என்று கத்தினேன். "நாசமாப் போவானே, உயிரோட இருந்திருக்கிறார்!"

அவன் சுவரோடு சரிந்து இருந்துவிட்டான். "வழமையா அப்பிடித்தானே மச்சான் சொல்லுறவை" என்றான். "அப்பிடித்தானே சொல்லுறவை." அவனை அடிக்கக் கை ஓங்கினேன், அடிக்க முடியவில்லை. அவனுடைய அப்பாவைப் பற்றி எனக்கு அந்தச் செய்தி வந்திருந்தால் நானும் ரோல்ஸ்தான் கட்டிக்கொண்டு போயிருப்பேன். அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது.

அக்கா அழுதுகொண்டே சொன்னாள். ஆஸ்பத்திரித் தொலைபேசியைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்களாம். எங்கே மணி அடித்தாலும் அப்பா தலையைத் திருப்பினாராம். கடைசியில் அவள் அழ, அப்பா சொன்னாராம்: "பொடியன் வேலையால களைச்சுப் படுத்திருப்பான். எழுப்பாதேங்கோ. விடிய எடுப்பான்."

"அவர் சொன்ன மாதிரியே ஒருக்காச் சொல்லு, அக்கா" என்றேன்.

சொன்னாள். அது அக்காவின் குரலாகத்தான் இருந்தது.