எட்டாம் வேகம்

ராயபுரம் கஸ்பாருக்கு அந்த விண்வெளித் தொடரின் மேல் இருந்த கோபம் தெருவுக்கே தெரியும். கஸ்பார் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். எண்ணூர்ப் பக்கத்துக் கிடங்குகளில் பெட்டியை ஏற்றித் துறைமுக கேட்டில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பிழைப்பு. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருக்க வாய்த்தால், மகள் ரூத்தோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவான். தமிழில் டப்பிங் செய்த தொடர். ஒளியைவிட வேகமாகப் பறக்கிற ஒரு கப்பல், அதற்கு நரைமீசைக் கேப்டன் ஒருவர். அவர் "எட்டாம் வேகம்!" என்று உத்தரவு போட்டால் போதும், கஸ்பாருக்கு உடம்பெல்லாம் எரியும்.

"போன வாரமும் எட்டாம் வேகம்தான். பக்கத்து நட்சத்திரத்துக்குப் போவ ஒரு மாசம் ஆவும்னான். இன்னிக்கி அண்டத்தோட அந்தக் கோடிக்கு, சோப்பு விளம்பரம் முடியறதுக்குள்ள போய்ட்டான். அதே கப்பல், அதே டிரைவர். இன்னா கணக்கு இது?"

அவன் மனைவி அடைக்கலமேரி அடுப்படியிலிருந்தே பதில் சொல்வாள். "அவன் பறக்கறதே பொய்யி. அதுல உனுக்குக் கணக்கு வேற கேக்குதா?"

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் மேரி!"

ரூத்துக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா சொன்னால் வேதவாக்கு. "அப்போ ஏன் நைனா அன்னிக்கி லேட்டு, இன்னிக்கி சீக்கிரம்?" என்று கேட்டாள்.

கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொல்கிற வழக்கம் கஸ்பாரிடம் கிடையாது. "போன வாரம் கூப்ட்டது யாரோ எவரோ. இன்னிக்கி மாட்டிக்கினது கேப்டனோட சொந்தப் பொண்ணு. வேணும்ன்றவங்க கூப்ட்டா கப்பல் பறக்கும், வேணாதவங்க கூப்ட்டா நவுரும். அவ்ளோதான் அவுங்க சயின்ஸு."

ரூத் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கப்புறம் தொடரில் யாராவது உதவி கேட்டு அழைத்தாலே, "வேணும்ன்றவங்க!" என்றோ "வேணாதவங்க!" என்றோ முன்கூட்டியே தீர்ப்பு சொல்லிவிடுவாள். பெரும்பாலும் அப்படியேதான் நடக்கும். அப்பனும் மகளும் கையடித்துக்கொள்வார்கள்.

கேப்டனைக் கிண்டலடித்தவனின் சொந்த வேகம் என்ன லட்சணம் என்று கேட்டால் சிரிப்பு வராது. ஒருநாள் எர்ணாவூரிலிருந்து துறைமுக கேட்டுக்கு, குடித்த டீயின் சூடு நாக்கில் இருக்கும்போதே போய்விடுவான். இன்னொரு நாள் அதே டிரெய்லர், அதே ரோடு, கேட்டுக்குப் போகிற வண்டி வரிசையிலேயே பொழுது விடிந்து அடைந்து மறுபடியும் விடிந்துவிடும். காரணம் யாருக்கும் தெரியாது. யாரைக் கேட்டாலும் முன்னால் நிற்கிறவனைக் கை காட்டுவான்.

அந்த வருஷம் ரூத்துக்குப் புதுநன்மை. அவர்கள் கோயிலில் ஒரு வழக்கம்: முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிற பிள்ளையின் மெழுகுவத்தியை அப்பா ஏற்றி, பீடம் வரைக்கும் கூடவே நடக்க வேண்டும். ஏற்றாத மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு ரூத் வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து பழகினாள். "ஞாயித்துக்கெயம காலைல வந்துடுவல்ல நைனா?" என்று கேட்டபோது கஸ்பார் சொன்னான்: "எட்டாம் வேகத்துல வருவேன்."

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

சனிக்கிழமை முதலாளி கூப்பிட்டார். கப்பல் புறப்படப் போகிறது, வேறு டிரைவர் இல்லை. போன ஞாயிறு ரோடு காலியாகக் கிடந்ததை மனதில் வைத்துக்கொண்டு கஸ்பார் ஒத்துக்கொண்டான். அதைத்தான் நம்பக்கூடாது. ஞாயிறு விடிந்தபோது வண்டி காசிமேட்டுக்குப் பக்கத்தில், வரிசையில், ஆணி அடித்தாற்போல் நின்றது. வெள்ளைச் சட்டை கேபினில் தொங்கியது.

அடைக்கலமேரி செல்போனில் கூப்பிட்டாள். "எங்கய்யா கீற?"

"காசிமேட்டாண்ட."

"பூசை ஆரம்பிக்கப் போறாங்க. பொண்ணு வாசல்லயே நின்னுகினு கீது."

பின்வண்டி எத்திராஜ், வியாசர்பாடிக்காரர், இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றார். "சாவியக் குடு மாமு. இன்னும் ஒரு அடி நவுரல, இனிமேலா நவுரப்போவுது? ஓடு."

வரிசையில் அதுவும் ஒரு வழக்கம். அவசரத்துக்கு இறங்குகிறவன் பின்வண்டிக்காரனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவான். வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்தால் அவர் முன்வண்டியை நகர்த்திவிட்டு, ஓடிவந்து தன் வண்டியையும் நகர்த்திக்கொள்வார். கஸ்பார் சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினான். கோயில் கோபுரத்துச் சிலுவை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், முதுகுக்குப் பின்னால் அத்தனை வண்டிகளும் ஒரேயடியாக உறுமின.

செல்போன் அடித்தது. "மாமு, லைனு பிச்சிக்கினு போவுது! ரெண்டு வண்டிய நான் ஒர்த்தன் எப்டி ஓட்டுவேன்? பின்னால கீறவன்லாம் அடிக்க வரான், வா!"

கஸ்பார் நடுரோட்டில் நின்றான். முன்னால் போனால் தனக்காகச் சாவி வாங்கின மனிதர் அடி வாங்குவார். பின்னால் போனால் பிள்ளை வாசலில் நிற்கும். யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. அழுகை வந்தது. அழுதுகொண்டே திரும்பி ஓடினான்.

வண்டியை எடுத்ததும் வரிசை பறந்ததா என்றால், அதுவும் இல்லை. நிற்கவும் இல்லாமல் ஓடவும் இல்லாமல், இறங்க விடாத அளவுக்கு மட்டும் ஊர்ந்தது. கோயிலுக்குத் திரும்பும் தெரு ஜன்னலோரமாக மெல்ல வந்து, மெல்லப் போனது. கோயில் மணி கேபினுக்குள்ளேயே கேட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஸ்டீயரிங்கைக் குத்தினான், கைதான் வலித்தது. கொஞ்ச நேரத்தில் மேரி மறுபடி கூப்பிட்டு, தன் தம்பி பாஸ்கல் மெழுகுவத்தியை ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னாள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெட்டியை இறக்கிவிட்டு அவன் வீடு சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ரூத் வெள்ளை கவுனைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பாதி எரிந்த மெழுகுவத்தி மடியில் கிடந்தது. கஸ்பார் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். வரிசை நின்றதை, சாவி கொடுத்ததை, ஓடியதை, திரும்பியதை. எத்திராஜ் மாமாவை அடிக்க வந்தார்கள் என்பதை இரண்டு தரம் சொன்னான்.

ரூத் அழாமல் கேட்டாள். "நீ காசிமேட்லயா இருந்த நைனா?"

"ஆமாம்மா."

காசிமேட்டுக்கு அவள் அம்மாவோடு மீன் வாங்க நடந்தே போகிறவள். எவ்வளவு தூரம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தொடர் பார்க்கும்போது யோசிப்பாளே, அதே மாதிரி கொஞ்சம் யோசித்தாள்.

"அப்போ நான் வேணாதவங்களா நைனா?"

கேட், வரிசை, சாவி, எத்திராஜ், எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.